சமத்துவம் பெண்களின் அலுவல் மட்டுமா?

வேலைத்தலத்தில் ஆண்கள் ஏற்கவேண்டிய பங்கு பற்றிய ஒரு பாடம்



ஆண்டுதோறும் பங்குனி மாதம் 8ஆம் திகதி சர்வதேச பெண்கள் தினம் நம் ஊர்களிலும் கொண்டாடப்படுகின்றது. மண்டபம் நிறையப் பெண்கள். முன்வரிசையில் மட்டும் நாலைந்து ஆண்கள்: திணைக்களத் தலைவர், பாடசாலை அதிபர், சங்கத் தலைவர், பங்குக் குருவானவர். இவர்கள் குத்துவிளக்கை ஏற்றுவார்கள். பெண்ணின் பெருமை பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள். பின்னர் வேறோர் அலுவல் இருப்பதாகச் சொல்லி விடைபெறுவார்கள். உண்மையான பேச்சு அதன் பின்னரே தொடங்கும். சம்பளம், பதவியுயர்வு, இரவு வேலை, கடைசி பஸ், மேலதிகாரியின் தகாத வார்த்தை ஆகிய அனைத்தும் வெளிவரும். ஆனால் இவற்றை மாற்றக்கூடியவர்கள் அப்போது மண்டபத்தில் இருக்கமாட்டார்கள்.

திறப்பு ஒருவர் கையில் இருக்க, கதவு பூட்டியிருக்கிறதே என்று மற்றவர்கள் கூடிப் பேசுவதால் என்ன பயன்? வேலைத்தலத்தில் பெண்ணுக்கு உரிய இடம் கிடைப்பது பற்றிப் பெண்களோடு நிறையப் பேசிவிட்டோம். இவ்வாரம் ஆண்களோடு பேசுவோம். தாய்மாரும் சகோதரிகளும் இதனை வாசித்தபின், வீட்டிலுள்ள ஆண்களின் கையில் பத்திரிகையைக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

நமது நாட்டின் நிலை

நமது நாட்டில் பல்கலைக்கழகம் புகுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேர் தொழிற்படையில் இருக்க, பெண்களிலோ மூவரில் ஒருவர் அளவே அங்கு காணப்படுகின்றனர். படித்துப் பட்டம் பெற்ற பெண்கள் எங்கே போய்விட்டார்கள்? பலர் வேலைக்கு வரவேயில்லை. வந்தவர்களிற் பலர் திருமணத்தின் பின்னரோ முதற் பிள்ளையின் பின்னரோ விலகிவிட்டார்கள். எஞ்சியோரிற் பலர் தொடங்கிய மேசையிலேயே ஓய்வுபெறுகின்றார்கள்.

நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தரும் தொழில்களைப் பாருங்கள். தேயிலைக் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்கள். மத்திய கிழக்கில் வீட்டுப் பணிபுரிவோரும் பெண்களே. ஆயினும் கொழுந்தை நிறுப்பவர், வேலை பகிர்பவர், கணக்கெழுதுபவர், முகாமையாளர் என மேலே ஏற ஏற ஆண்களையே காண்கின்றோம்.

மலையகத்தின் சரித்திரத்தில் இங்கு நமக்கொரு பாடம் உண்டு. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பெருமளவிற் பயிரிடத் தொடங்கியதிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டப் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் நாட்சம்பளத்திலும் குறைவாகவே இருந்தது. காலையிற் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, மலையேறி, மாலைவரை கூடை சுமந்தவளுக்குக் குறைந்த கூலி! இது அநீதி என்று எவருக்கும் தெரியாமலிருக்கவில்லை. ஆயினும் அது வழக்கமாகிவிட்டது. 1984ஆம் ஆண்டில் தோட்டத் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்தே இருபாலாருக்கும் சம சம்பளம் வந்தது. அச்சங்கங்களின் தலைவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆண் தொழிலாளரும் பெண் தொழிலாளரும் ஒன்றாகவே வேலையை நிறுத்தி நின்றனர். பெண்ணின் கூலியும் ஆணின் கோரிக்கையான அன்று கதவு திறந்தது. ஆனால் அது எத்தனை தலைமுறை பிந்தித் திறந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

மூன்று பூட்டுகள்

அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் 1962இல் நிறுவப்பட்ட ‘கற்றலிஸ்ற்’ என்னும் அமைப்பு, தொழில் புரியும் பெண்களின் முன்னேற்றம் பற்றி ஆராய்வது. வேலைத்தலச் சமத்துவ முயற்சிகளில் ஆண்கள் ஏன் சேர்வதில்லை என்று ஆண்களிடமே விசாரித்து, 2009ஆம் ஆண்டில் அது ஓர் ஆய்வை வெளியிட்டது. அங்கு கண்ட தடைகள் மூன்று. அவற்றை நாம் தமிழில் அலட்சியம், அச்சம், அறியாமை எனச் சொல்லலாம். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, அலட்சியம். “இது பெண்களின் விடயம், எனக்கென்ன?” என்பதே இதன் குரல். இவன் கெட்டவன் அல்லன். எந்தப் பெண்ணையும் அவன் தடுத்ததில்லை. அதனாலேயே தன்னிடம் குறையில்லை என நினைக்கின்றான். ஆனால் கூட்டத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர் சொல்லிய யோசனையை எவரும் கவனியாதுவிட்டு, அதையே பத்து நிமிடத்தின் பின் ஓர் ஆண் சொன்னபோது எல்லாரும் பாராட்டினால், இவனும் சேர்ந்து தலையாட்டுகின்றான். தேத்தண்ணீர் பரிமாறவும் கூட்டறிக்கை எழுதவும் எப்போதும் ஒரு பெண்ணே எழும்புவதை அவன் இருபது வருடமாகப் பார்த்திருக்கின்றான், ஒருநாளும் கண்டதில்லை.

இரண்டாவது, அச்சம். அந்த ஆய்வின்படி இது மூன்று வகைப்படும். தன் இடம் பறிபோய்விடும் என்ற அச்சம். ஏதாவது சொல்லப்போய்ப் பிழையாகிவிடும் என்ற அச்சம். மற்ற ஆண்கள் நகைப்பார்கள் என்ற அச்சம். நம் ஊர்களில் மூன்றாவதே பெரிது என்பது எனது எண்ணம். கந்தோரில் ஒருவர் ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமான பகிடி விடுகின்றார். அங்குள்ள ஐந்து ஆண்களில் மூவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர்கள் இரசிக்கின்றார்கள் என எண்ணி, தாமும் சிரித்துவிடுகின்றனர். ஒருவர் சிரிக்காமலிருந்தாற் போதும், மற்ற இருவருக்கும் துணிவு வந்துவிடும். அந்த ஒருவர் வேண்டும்.

தன் இடம் பறிபோகும் என்ற அச்சத்துக்கு நேர்மையான மறுமொழி ஒன்று சொல்லியாக வேண்டும். “யாருக்கும் ஒன்றும் குறையாது” என்று இனிப்பாகப் பேசுவது பொய். ஒரு பதவிக்கு இருவர் போட்டியிட்டால் ஒருவருக்குத்தான் அது கிடைக்கும். முன்பு ஒரு பாலார் மட்டும் ஓடிய ஓட்டப்பந்தயத்தில் இப்போது இரு பாலாரும் ஓடினால், சில ஆண்கள் முதலிடத்தை இழப்பார்கள். ஆனால் அவர்கள் இழப்பது தமது உரிமையையா? அல்லது மற்றவர் நுழையத் தடுக்கப்பட்டிருந்ததாற் கிடைத்த வசதியையா? தன் மகள் அந்தப் பந்தயத்தில் ஓடும்போது எந்தத் தகப்பனும் இக்கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடுவான். அடுத்த வீட்டுத் தகப்பனின் மகளுக்கும் அதே விடைதான்.

மூன்றாவது, அறியாமை. இதனைப் பிறர் குறையாக எடுத்துரைக்க எனக்குத் தகுதியில்லை. ஆகவே என் குறையாகவே சொல்கின்றேன்.

எனது பிழை

சில வருடங்களின் முன் ஓர் அச்சகத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது. அங்கு பக்கங்களை வடிவமைக்கும் பணியில் ஒரு சகோதரி பன்னிரண்டு வருடமாக இருந்தார். மெய்ப்புப் பார்ப்பது முதல் கடதாசிக் கணக்கு வரை அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. புதிதாக வருவோர் எல்லாரும் அவரிடமே வேலை பழகினர். மேற்பார்வையாளர் ஓய்வுபெற்றபோது, நாங்கள் நாலு ஆண்கள் கூடி ஒரு மணித்தியாலத்துக்குள் ஓர் இளைஞரைத் தெரிவுசெய்தோம். அவ்விளைஞர் நல்லவர், அந்தச் சகோதரியிடம் வேலை பழகியவர்.

அந்தச் சகோதரியின் பெயரும் அக்கூட்டத்தில் வந்தது. “இரவு வேலை இருக்கும், இரண்டு சிறு பிள்ளைகள், பாவம், அந்தப் பிள்ளைக்கு ஏன் கரைச்சல்?” என்றார் ஒருவர். நானும் ஆமோதித்தேன். அவர்மீது இரக்கம் காட்டுவதாகவே உண்மையில் நினைத்தேன்.

மறுவாரம் அவர் என்னிடம் வந்தார். அழவில்லை, கோபிக்கவுமில்லை.

“பாதர், இரவு வேலை எனக்கு ஏலாது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

“அவர் வெளிநாட்டிலை, அம்மா என்னோடைதான் இருக்கிறா. பிள்ளையளை அவ பாப்பா. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, பாதர்.”

அவ்வளவுதான் சொன்னார். மூன்று மாதத்தின் பின் வேறோர் இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் அவரைத் தள்ளவில்லை, அவமதிக்கவில்லை, சம்பளத்தைக் குறைக்கவில்லை. அவருக்காக நாங்களே தீர்மானித்தோம். அதுதான் எங்கள் அநீதி. பன்னிரண்டு வருடம் உழைத்த ஒருவரிடம், “உமக்கு இது விருப்பமா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்க எங்கள் நால்வருக்கும் தோன்றவில்லை. இரக்கம் என்ற பெயரிலும் அநீதி செய்யலாம் என்பதை எந்த இறையியற் புத்தகத்திலும் கற்றதைவிட அன்று அந்தச் சகோதரியிடம் நன்றாகக் கற்றேன்.

“பெண்ணுக்கு ஏலாது” என்ற சொல்லை நம் பிரதேசமே பொய்யாக்கியிருக்கின்றது. 2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலே கண்ணிவெடி அகற்றும் பணியில் எத்தனையோ பெண்கள் சேர்ந்தனர். முகமாலையின் வெயிலிலே, கவச உடையும் முகமூடியும் அணிந்து, முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி வெடிகளை எடுத்தவர்களில் பலர் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கிய தாய்மார். உயிராபத்தான இவ்வேலைக்குத் தகுதியானவர், ஓர் அச்சகத்தின் இரவு வேலைக்குத் தகுதியற்றவரா?

நாமும் அறிந்த வேதனை

தமிழ் ஆண்களாகிய நமக்கு இவ்விடயத்தை விளங்குவது கடினமாக இருக்கக்கூடாது. ஒதுக்கப்படுதல் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், தமக்குத் தெரியாத மொழியிற் கோவைகளைப் பார்த்துத் திகைத்த தமிழ் எழுதுவினைஞர்கள் நம் பாட்டன்மார். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது; ஆயினும் கூட்டம் முழுவதும் சிங்களத்தில் நடக்க, மூலையில் மௌனமாக இருந்துவிட்டு வந்த அனுபவம் நம்மிற் பலருக்கு இன்றும் உண்டு. அங்கு எவரும் நம்மை வெளியே போகச் சொல்லவில்லை. நாற்காலியும் தந்தார்கள், தேத்தண்ணீரும் தந்தார்கள். ஆனால் நாம் அங்கு இருந்தோமா?

அப்போது பக்கத்திலிருந்த ஒரு சிங்கள நண்பர், “இவருக்கு விளங்கவில்லை, ஒருமுறை மொழிபெயர்ப்போம்” என்று சொன்னால் நமக்கு எவ்வளவு ஆறுதல்! அந்த நண்பரின் இடத்திலேதான் நமது கந்தோரில் நாம் இருக்கின்றோம். நம் பக்கத்து மேசைப் பெண்ணின் மௌனத்துக்கும், மலையகத்திலிருந்து வந்து தன் பேச்சுவழக்குக்காகக் கேலிசெய்யப்படும் இளைஞனின் மௌனத்துக்கும், சக்கர நாற்காலியில் வருபவர் படிக்கட்டின் கீழே காத்திருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். வசதியாக உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரைக் காண்பதில்லை. மாற்றாற்றலுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் நம் நாட்டில் 1996இலேயே வந்தது. ஆயினும் சட்டம் ஏறிய படியில் அவர்கள் இன்னமும் ஏறவில்லை.

திருச்சபையின் சமூகப் போதனையும் இதில் மௌனமாக இல்லை. பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963இல் எழுதிய ‘பாரில் அமைதி’ என்னும் சுற்றுமடல், பெண்கள் தம் மனித மாண்பை உணர்ந்து, வீட்டிலும் பொதுவாழ்விலும் அதற்குரிய உரிமைகளைக் கேட்பதைக் காலத்தின் நல்ல அடையாளங்களுள் ஒன்றாகக் கண்டது. இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்புப் பற்றி எழுதிய சுற்றுமடல், தாய்மையின் காரணமாகப் பெண் தொழிலில் தண்டிக்கப்படலாகாது என்றும், உடற்குறைபாடு உடையோருக்கும் உழைப்பில் உரிய பங்கு உண்டு என்றும் கற்பிக்கின்றது. இவற்றைப் பிறருக்குப் போதிக்குமுன், நமது பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் கந்தோர்களிலும் நாமே கைக்கொள்ளவேண்டும் என்பதை முன்னர் சொன்ன சம்பவத்திலிருந்து நீங்களே அறிவீர்கள்.

ஐஸ்லாந்து தரும் பாடம்

வட அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள தீவு ஐஸ்லாந்து. 1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி அந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேலையை நிறுத்தினர். கந்தோர் வேலையை மட்டுமல்ல, சமையலையும் பிள்ளை பார்ப்பதையும் நிறுத்தினர். பாடசாலைகளும் கடைகளும் மூடப்பட்டன. தகப்பன்மார் பிள்ளைகளைத் தம்மோடு வேலைக்குக் கூட்டிச்சென்றனர். இலகுவாகச் சமைக்கக்கூடிய ‘சொசேஜஸ்’ கடைகளில் முடிந்துவிட்டதாம்! மறு ஆண்டே அங்கு சமத்துவச் சட்டம் நிறைவேறியது. 1980இல் விக்டிஸ் பின்போகாடோட்டிர் என்னும் பெண்மணியை அந்நாட்டு மக்கள் தம் வாக்குகளால் ஜனாதிபதியாக்கினர். உலகில் அவ்வாறு மக்களாற் தெரிவான முதற் பெண் ஜனாதிபதி அவரே.

ஆனால் நமது பாடத்துக்கு முக்கியமானது 2000ஆம் ஆண்டில் அங்கு நிறைவேறிய சட்டமாகும். பிள்ளை பிறந்தால் தாய்க்கு மூன்று மாத லீவு, தகப்பனுக்கு மூன்று மாத லீவு, இருவரும் பகிர்ந்துகொள்ள மூன்று மாதம் என அது வகுத்தது. தகப்பனுடைய மூன்று மாதத்தைத் தாய்க்குக் கொடுக்க முடியாது. அவர் எடுக்காவிட்டால் அது இல்லாமற் போய்விடும். ஆகவே பெரும்பாலான தகப்பன்மார் எடுத்தார்கள்.

இதன் சூட்சுமம் யாதெனில், ஒரு முதலாளி ஆளை வேலைக்கு எடுக்கும்போது, “இவள் பெண், நாளைக்குப் பிள்ளை பெற்று லீவில் போய்விடுவாள்” என்று கணக்குப் போடுகின்றார். தகப்பனும் லீவில் போவான் என்றால் அக்கணக்குப் பிழைத்துவிடும். பெண்ணின்மேல் மட்டும் இருந்த பாரம் இருவர்மேலும் பகிரப்படுகின்றது. தன் குழந்தையைத் தூக்க ஓர் ஆண் வீட்டில் நின்ற நாட்கள், தான் முன்பின் அறியாத இன்னொரு பெண்ணுக்கு வேலைத்தலத்தில் நீதி தேடிக்கொடுத்தன.

நம் நாட்டில் 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின்னர் தனியார் துறையிலும், எத்தனையாவது பிள்ளையாயினும், தாய்க்கு 84 நாள் பிரசவ லீவு உண்டு. அதற்குரிய சம்பளத்தைக் கொடுப்பது முதலாளியே. தகப்பனுக்கோ அரச சேவையிற் கூட மூன்று நாள் என்ற வழக்கமே இருந்துவந்துள்ளது. மூன்று நாளில் பிள்ளையின் பிறப்பைப் பதிவுசெய்யவும் உறவினருக்கு அறிவிக்கவுமே நேரம் போதாது. சட்டம் மாறும்வரை காத்திராமல், தம்மிடம் வேலைசெய்யும் இளம் தகப்பன்மாருக்கு இரண்டு வாரமாவது கொடுக்க நம் கத்தோலிக்க வர்த்தகர்கள் முன்வரலாகாதா?

செய்யக்கூடியவை ஏழு

பெரிய காரியங்களைச் சொல்லி உங்களை மலைக்கவைக்க நாம் விரும்பவில்லை. நாளைக்கே தொடங்கக்கூடிய ஏழு காரியங்களை இங்கு தருகின்றோம்.

1. கேளுங்கள். உங்கள் வேலைத்தலத்தில் உள்ள ஒரு சகோதரியிடம், “இங்கு எது உங்களுக்குக் கஷ்டம்?” என்று கேளுங்கள். பதிலுக்கு வாதாடாதீர்கள். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்றும் எதிர்பாராதீர்கள்.

2. கூட்டத்தில் ஒருவரது யோசனை களவுபோகும்போது, “இதை முதலிற் சொன்னவர் அவர்தான், அவரே விளக்கட்டும்” என்று சொல்லுங்கள். ஐந்து விநாடி போதும்.

3. தேத்தண்ணீர், கூட்டறிக்கை, மண்டபம் கூட்டுதல் ஆகியவற்றுக்கு முறை வையுங்கள். அடுத்த முறை நீங்களே எழும்புங்கள்.

4. வெற்றிடம் வந்தால், வேண்டிய தகுதிகளை முதலில் எழுதுங்கள். பின்னர் பெயர்களைப் பாருங்கள். தகுதியுள்ள ஒவ்வொருவரிடமும் விருப்பத்தைக் கேளுங்கள். எவருக்காகவும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

5. சம்பளப் புத்தகத்தைப் பாருங்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் சர்வதேச தொழில் தாபனத்தின் 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தை நம் நாடு 1993இல் ஏற்றது. உங்கள் கடையில், உங்கள் தோட்டத்தில், வெங்காயம் பிடுங்க வரும் பெண்ணின் நாட்கூலி என்ன? ஆணின் கூலி என்ன? வித்தியாசம் இருந்தால் அது எதற்காக?

6. அசிங்கமான பகிடிக்குச் சிரிக்காதீர்கள். சொன்னவரைச் சபையில் அவமானப்படுத்தாது, தனியே அழைத்து, “அண்ணை, இது சரியில்லை” என்று சொல்லுங்கள். அவர் கேளாவிட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக நின்று சாட்சி சொல்லுங்கள். பாலியல் தொந்தரவு நம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து, தெளிவான குற்றமாகும். அது பகிடி அல்ல.

7. வீட்டில் தொடங்குங்கள். மனைவி வேலையால் வந்து அடுப்படிக்குள் போக, கணவன் வேலையால் வந்து பத்திரிகையுடன் அமர்ந்தால் (அது நமது பத்திரிகையாயினும்!) அங்கு சமத்துவம் இல்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் அவளாற் கூட்டத்தில் இருக்க முடியாமைக்குக் காரணம் கந்தோரில் அல்ல, உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கலாம்.

செய்யக்கூடாதவை மூன்று

நல்லெண்ணம் மட்டும் போதாது, அதுவும் வழிதவறலாம். பெண்களின் சார்பிற் பேசுகின்றோம் என்று அவர்களின் ஒலிவாங்கியையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். துணைநிற்பது வேறு, முன்னுக்கு நிற்பது வேறு. செய்த சிறு நன்மைக்கு மாலையும் பொன்னாடையும் எதிர்பாராதீர்கள். கடனைத் திருப்பிக் கொடுப்பவனுக்கு எவரும் மாலை போடுவதில்லை.

மூன்றாவதாக, மற்ற ஆண்களைக் குற்றவாளிகளாக்கித் திருத்தலாம் என எண்ணாதீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர்களான பிராங் டொபின், அலெக்சாண்ட்ரா காலெவ் ஆகியோர் நூற்றுக்கணக்கான கொம்பனிகளின் பல வருடத் தரவுகளைப் பார்த்து, 2016இல் ஒரு முடிவை எழுதினர். முகாமையாளர்களைக் கட்டாயப்படுத்தி இருத்திய வகுப்புகள் பெரும்பாலும் பயன் தரவில்லை. சில இடங்களில் எதிர்மாறான விளைவையே தந்தன. விருப்பத்தோடு வரும் பயிற்சியும், ஒரு மூத்தவர் ஓர் இளையவரைப் பொறுப்பெடுத்து வழிகாட்டுவதுமே கூடிய பலனளித்தன. முன்னர் குறிப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வும், நீதியுணர்வு மிகுந்த ஆண்களே இம்முயற்சிகளில் முன்வருகின்றனர் என்று கண்டது. ஆகவே ஆணிடம், “நீ கெட்டவன்” என்று தொடங்காதீர்கள். “நீ நீதிமான் அல்லவா? இதைப் பார்” என்று தொடங்குங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவன் காதைப் பொத்துவான். நம்பப்பட்டவன் கண்ணைத் திறப்பான்.

முடிவாக

அந்தச் சகோதரியைக் கடந்த வருடம் ஒரு திருவிழாவிற் சந்தித்தேன். இன்னோர் அச்சகத்தில் இப்போது அவர் மேற்பார்வையாளர். இரவு வேலையும் செய்கின்றார். நான் அன்று செய்தது பிழை என்று நேரே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றார்.

“பரவாயில்லை எண்டு சொல்ல மாட்டன், பாதர். எனக்கு அது பெரிய நோவு. ஆனா அடுத்த பிள்ளையிட்டையாவது கேளுங்கோ.”

இப்போது என் மேசையின் லாச்சிக்குள் ஒரு கடதாசி இருக்கின்றது. எவரையும் பதவிக்குத் தெரிவுசெய்யுமுன் நிரப்பவேண்டிய படிவம் அது. அதில் முதற் கேள்வி: “தகுதியுள்ள எல்லாரிடமும் கேட்டாயிற்றா?” சின்னக் கேள்விதான். ஆனால் ஒருவரின் பன்னிரண்டு வருட உழைப்பை இழந்தபின்னரே அதை நான் எழுதக் கற்றுக்கொண்டேன். நீங்கள் அவ்வளவு விலை கொடுக்கவேண்டியதில்லை.

குடும்பமாக அமர்ந்து சிந்திக்க

1. நம் வீட்டில் வேலைக்குப் போகும் பெண்ணிடம், அவரது வேலைத்தலத்தில் உள்ள கஷ்டம் பற்றிக் கடைசியாக எப்போது கேட்டோம்?

2. நம் வீட்டு வேலைகளில் ஆண்பிள்ளைகள் செய்பவை எவை? பெண்பிள்ளைகள் செய்பவை எவை? அப்படிப் பிரித்தவர் யார்?

3. நம்மிடம் கூலிக்கு வேலைசெய்வோரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுக்கின்றோமா?

4. இந்த வாரத்தில், மேலே சொன்ன ஏழில் ஒன்றை நம் வீட்டு ஆண்கள் ஒவ்வொருவரும் தெரிந்தெடுப்பார்களா? அடுத்த ஞாயிறு இரவு உணவின்போது அதன் பலனைச் சொல்வார்களா?